பேருக்குப் பின்னால் கொஞ்சம் இடம்

கல்லில் விழுந்த எழுத்தை அழிக்க ரப்பர் கிடையாது. மயிலாடியில் முப்பது வருஷமாகக் கல்வெட்டு பொறிக்கும் கிருஷ்ணமணிக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் ஆவணியில் ஒருநாள் காலை, ஊர்ப் படிப்பகத்தின் புதுக் கட்டடத்துக்கான கறுப்புக் கிரானைட் பலகையில் தன்னையும் சேர்த்துக் கமிட்டிக்காரர்கள் ஏழு பேருடைய பெயரையும் அடித்து முடித்து, நாலடி தள்ளி நின்று பார்த்தபோதுதான் அளவை மாற்றிப் பிடித்திருப்பது தெரிந்தது. பெயர்கள் எல்லாம் இடது பக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்க, வலது பாதி மொட்டையாகக் கிடந்தது. பந்தியில் ஒரு பக்கம் மட்டும் ஆள் உட்கார்ந்த மாதிரி.

அந்த நேரம் பார்த்துப் பட்டறைக்குள் நுழைந்தார் அனில்குமார். படிப்பகத்தின் செயலாளர். பதினெட்டு வருஷம் கல்ஃபில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே அவருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை; அவருடைய கண்ணாடியைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

"அண்ணாச்சி, கொள்ளாம், நல்லாருக்கு. ஆனா இந்தப் பக்கம் என்ன, சும்மா கெடக்கு?"

'அளவு தப்பிப் போச்சு' என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கிருஷ்ணமணியின் வாய் அப்படி வளர்ந்த வாய் அல்ல.

"அது டிகிரி போடுகதுக்கு விட்ட இடம்லா. பேருக்குப் பின்னால படிப்பு வந்தாத்தான் படிப்பகத்துக்கு ஒரு எடுப்பு. உங்களுக்கு என்னதுன்னு சொல்லுங்க, இப்பமே அடிச்சிருகேன்."

அனில்குமார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"எம்.பி.ஏ.ன்னு போட்டுக்கிடுங்க," என்றார்.

செய்தி மதியத்துக்குள் கமிட்டி முழுக்கப் பரவிவிட்டது. தலைவர் தாணுலிங்கம் நெல் வியாபாரி; நேரிலேயே வந்தார். கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்மளது அந்தக் காலத்து பி.ஏ. ரொம்பப் பெருசா அடிக்காண்டாம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பொருளாளர் முத்துநாயகம் பலசரக்குக் கடையிலிருந்து போன் செய்தார்.

"மத்தவங்கல்லாம் என்ன போட்டிருக்காவ?"

"எம்.பி.ஏ., பி.ஏ."

முத்துநாயகம் யாருக்கோ சீனி நிறுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி போனுக்கு வந்தார். "அப்ப எனக்கு பி.காம்."

உரக்கடைக்காரர் பி.எஸ்சி. என்றார். பந்தல்காரர் டிப்ளமா என்றார். வாழைக்குலை வியாபாரி எம்.ஏ. என்று சொல்லிவிட்டு, எந்தப் பாடத்தில் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

கிருஷ்ணமணிக்கு மனசு நிறைந்துபோனது. இவ்வளவு படித்தவர்களோடு இத்தனை நாளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சுக்குக்காப்பி குடித்திருக்கிறோம், ஒருவராவது காட்டிக்கொண்டது உண்டா? பெரிய படிப்பு படித்தவர்களுக்குத்தான் எவ்வளவு அடக்கம்.

ஆறு வரியும் நிறைந்தது. ஏழாவது வரியில் 'எம். கிருஷ்ணமணி' என்ற பெயருக்குப் பின்னால் மட்டும் கறுப்பாக ஓர் இடம், முன்பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. பட்டறையில் வேறு யாரும் இல்லை. உளி கையில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் பத்தாம் வகுப்பில் கணக்கில் இருபத்திமூன்று வாங்கி, ரிசல்ட் வந்த வாரமே அப்பாவோடு கல்லடிக்கப் போன கிருஷ்ணமணி, தன் பெயருக்குப் பின்னால் அழகாக, இடைவெளி பிசகாமல், 'எஸ்.எஸ்.எல்.சி.' என்று அடித்துத் தங்கப் பூச்சும் பூசினார். மற்றவர்களைப் பார்க்க அது அடக்கமாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் வந்தது கடிதம்.

படிப்பகத்தின் நூலகர் நந்தனா கமிட்டிக் கூட்டத்தில் அதை வாசித்தாள். நூலகப் படிப்பு உண்மையாகவே படித்த பெண். கல்லில் அவள் பெயர் இல்லை. கல்ஃபில் இருக்கும் ஊர்க்காரர்கள் சங்கம், அனில்குமார் வாட்ஸப்பில் அனுப்பிய கல்வெட்டுப் படத்தைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தது. இவ்வளவு படித்த கமிட்டி எந்த ஊரில் உண்டு? பிள்ளைகளுக்காகப் பத்து கம்ப்யூட்டர் தருகிறோம். நிர்வாகிகள் எல்லோரும் வயதுச் சான்றுக்காகத் தங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகல் மட்டும் அனுப்பினால் போதும்.

"வயசுக்கு ஆதார் போதும்லா?" என்றார் கிருஷ்ணமணி.

"கேட்டேன் அண்ணாச்சி. ஆதாரு செல்லாது, பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்தான் வேணும்னு சொல்லிட்டாவ," என்றாள் நந்தனா. "கல்ஃப்காரங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சர்டிபிகேட்தானே. தை மாசம் திறப்பு விழா. அதுக்குள்ள தந்திருங்க."

கிருஷ்ணமணி மனசுக்குள் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். ஆனால் தெய்வம் தலைவர் ரூபத்தில் வந்தது.

"தையில எதுக்கு அவசரப்படணும்? அறுப்பு நேரம். சித்திர கழியட்டு," என்றார் தாணுலிங்கம்.

"சித்திரையில வெயிலு," என்றார் முத்துநாயகம்.

"ஆடி ஆகாது," என்றார் அனில்குமார். "ஆவணியில வைப்போம். ஆவணி ஒண்ணு."

ஏழு கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. படிப்பகம் தொடங்கி இருபது வருஷத்தில் விவாதம் இல்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

"கட்டடம் ரெடி, புக்கு ரெடி, கல்லும் ரெடி. பத்து மாசம் பூட்டிப் போடுகதுக்கா கெட்டினோம்?" என்றாள் நந்தனா. எல்லோரும் சுக்குக்காப்பியை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் கிருஷ்ணமணி செருப்பு தேடுகிற சாக்கில் பின்தங்கினார். அறிவிப்புப் பலகையில் நந்தனா ஒட்டியிருந்த ஒரு தாள் அவர் கண்ணில் ஒரு மாதமாகப் பட்டுக்கொண்டுதான் இருந்தது. குழித்துறையில் ஒரு சமுதாயக் கல்லூரி. பத்தாம் வகுப்பை விட்டவர்கள் எந்த வயதிலும் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, அங்கேயே தேர்வு. தாளின் அடியில் போன் நம்பர் எழுதிய துண்டுகள், கிழித்துக்கொள்ள வசதியாக. ஒரே ஒரு துண்டுதான் மிச்சம் இருந்தது. ஊரில் இத்தனை பிள்ளைகளா படிப்பை விட்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் வருத்தப்பட்டுவிட்டு, அதைக் கிழித்து மடியில் சொருகினார்.

குழித்துறை நல்ல தூரம். வடசேரியில் பஸ் மாற வேண்டும். ஊர்க்காரன் ஒருத்தன்கூட அந்தப் பக்கம் வர மாட்டான். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டில் என்ன சொல்வது என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

"பத்மநாபபுரம் அரண்மனையில ஒரு வேலை வந்திருக்கு," என்றார் மனைவி வடிவாம்பாளிடம். "ஞாயிறு ஞாயிறு போவணும். கல்லு மாத்துகதுக்கு."

வடிவாம்பாள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "அரண்மன பூரா மரம்லா?"

"அஸ்திவாரம் கல்லுதானே ஏட்டி."

"அஸ்திவாரத்த மாத்தினா அரண்மன எதுல நிக்கும்?"

"அதெல்லாம் டெக்னிக்கு," என்று சொல்லிவிட்டு கிருஷ்ணமணி மூன்றாவது தோசையை வேண்டாம் என்று எழுந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மூன்றாவது தோசையை வேண்டாம் என்றது அன்றுதான். வடிவாம்பாள் அதைக் குறித்து வைத்துக்கொண்டாள்.

வகுப்பில் எல்லோரும் கடைசி பெஞ்சுக்கு அடித்துக்கொண்டார்கள். கிருஷ்ணமணி தந்திரமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னால் இருப்பவனுக்கு முதுகுதானே தெரியும்? திரும்பிப் பார்த்தால் முகம் தெரிந்துவிடும் என்று ஆறு மாதமும் அவர் திரும்பவே இல்லை. மணி அடித்ததும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பைக் இல்லாமல் ஹெல்மெட்டோடு பஸ் ஏறுகிறவரைக் கண்டக்டர்கள் கொஞ்சம் தள்ளி நின்றே டிக்கெட் கேட்டார்கள்.

ஊரில் நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. நந்தனா போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, இந்த ஞாயிறும் கூட்டத்துக்கு நான் ஒருத்திதான் வந்தேன். தலைவர்கிட்ட சர்டிபிகேட்ட கேட்டா பீரோ சாவி தொலஞ்சு போச்சுங்காவ. செயலாளர்கிட்ட கேட்டா லேமினேஷனுக்குக் குடுத்திருக்குங்காவ. நீங்களாவது நேரா ஒரு பதில் சொல்லுங்க. உங்க சர்டிபிகேட்டு எங்க?"

"எங்கயும் போவாது மக்கா. இருக்க வேண்டிய எடத்துல பத்திரமா இருக்கு," என்றார் கிருஷ்ணமணி. அது பொய் அல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இன்னும் அச்சடிக்காதது பத்திரமாகத்தானே இருக்கும்.

கூட்டத்துக்கு ஏன் யாரும் வருவதில்லை என்பதற்கு அவருக்குக் காரணம் தோன்றிவிட்டது. எம்.ஏ.வும் எம்.பி.ஏ.வும் படித்தவர்களுக்குத் தெரியாதா, போலியின் வாசனை? கண்டுபிடித்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே கேட்க நாகரிகம் தடுக்கிறது, விலகிப் போகிறார்கள். ஒருநாள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் முத்துநாயகம் தூணுக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்ததும் அது உறுதியாகிவிட்டது. கிருஷ்ணமணி இன்னொரு தூணுக்குப் பின்னால் மறைந்தார்.

சித்திரையில் தேர்வு. முதல் நாள் தமிழ். விடைத்தாள் கைக்கு வந்ததும் கிருஷ்ணமணியின் கை தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கியது. பென்சிலால் மேலும் கீழும் கோடு இழுத்தது. முதல் வரியை நடுவில் நிறுத்த எழுத்துகளை எண்ணியது. ஒவ்வொரு எழுத்தையும் நிமிர்த்தி, வளைத்து, தலை தட்டி நிறுத்தியது. கல்லில் ஒரு முறை விழுந்தால் விழுந்ததுதான் என்பதால், முழுசாக நிச்சயம் இல்லாத எதையும் எழுத அது மறுத்தது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கேள்விதான் ஆகியிருந்தது.

அறைக் கண்காணிப்பாளர் அபினா என்ற சின்ன வயசு டீச்சர். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"சாரே, இது என்ன, கல்வெட்டா?"

"ஆமா டீச்சர்," என்றார் கிருஷ்ணமணி.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா அழகுக்கு மார்க்கு கெடையாது. வேகமா எழுதுங்க."

அவசரத்தில் நிமிர்ந்தபோது ஜன்னலோரம் ஒருத்தன் சித்திரை வெயிலில் குரங்குக் குல்லா போட்டு, வியர்வை விடைத்தாளில் சொட்ட எழுதிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. பாவம், கடும் ஜலதோஷம் போலிருக்கிறது. இந்த நிலைமையிலும் படிக்க வந்திருக்கிறான். கிருஷ்ணமணிக்குக் கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தில் இன்னும் பத்து நிமிஷம் போனது.

அடுத்த தேர்வு திங்கட்கிழமை. சட்டையை மாட்டிக்கொண்டு, "அரண்மனைக்கு ஒரு நடை போயிட்டு வாறேன்," என்றார்.

வடிவாம்பாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கெழம அரண்மன லீவு."

கிருஷ்ணமணி வாயைத் திறந்தார். டெக்னிக் எதுவும் வரவில்லை.

"நேத்து கோயில்ல வச்சு தாணுலிங்கம் அண்ணனுக்க பொண்டாட்டி ஒரே அழுக. அவியளும் ஞாயிறு ஞாயிறு அரண்மனைக்குத்தான் போறாவளாம். விருந்தாளிய கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுகாவளாம். ஆறு மாசமா அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளியும் வரல்ல. ரெண்டு பேரும் சேந்து எங்க போறீங்க?"

கிருஷ்ணமணி கணக்குப் போட்டார். தலைவரும் அரண்மனைக்கா? அப்படியென்றால் அவர் தேடிப் போனது தன்னைத்தான். தான் சொன்ன பொய் நிஜமா என்று ஞாயிறு தோறும் போய் அஸ்திவாரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"சொல்லுங்க. குடியா? இல்ல, வேற ஏதாவதா?" வடிவாம்பாள் வாசலை விட்டு நகரவில்லை. "எதுவானாலும் எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"பரீட்ச எழுதப் போறேன்."

"என்னது?"

"பத்தாங்கிளாஸ். குழித்துறையில." மடியிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். போட்டோவில் ஹெல்மெட் தழும்போடு முழித்துக்கொண்டிருந்தார்.

வடிவாம்பாள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வெள்ளிக்கெழம கணக்கு இருக்கு."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் மிச்சத்தையும் கொட்டினார். "எஸ்.எஸ்.எல்.சி. பாஸுன்னு சொல்லித்தான் உன்னக் கெட்டினேன். கல்லுலயும் அடிச்சேன். ரெண்டும் பொய்."

"கல்லுல அடிச்சது எனக்குத் தெரியாது," என்றாள் வடிவாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "மத்தது தெரியும். எங்கப்பா பள்ளிக்கூடத்துல போய் விசாரிச்சிட்டுத்தான் சம்மதிச்சாரு. பையன் கணக்குல இருபத்திமூணு, கையெழுத்துல நூறு, குடும்பம் நடத்த அது போதும்னாரு."

"இருபத்திரண்டு வருஷமா தெரிஞ்சிட்டா இருந்த?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். செரி, பஸ்ஸு போயிரும். எழும்புங்க."

அன்று முதல் அடுப்பங்கரை கோச்சிங் சென்டர் ஆனது. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, பத்தாவது முடித்துவிட்ட மகள் லட்சுமிப்ரியாவின் பழைய கைடிலிருந்து வடிவாம்பாள் கணக்கு கொடுப்பாள். நாலு விசிலுக்குள் ஒரு கணக்கு. பென்சில் கோடு போட்டால் கரண்டியால் மேசையில் ஒரு தட்டு. அந்த வாரம் வீட்டில் எல்லாப் பருப்பும் குழைந்துபோயிருந்தது. வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குள் கிருஷ்ணமணி வட்டத்தின் பரப்பளவை மூன்று விசிலில் முடித்தார்.

கணக்குத் தேர்வில் அவர் காதுக்குள் குக்கர் கூவிக்கொண்டே இருந்தது. தெரியாததையும் எழுதினார். அடித்தார். திருத்தினார். அடித்து எழுத முடியும் என்பதே வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்த மாதிரி பக்கம் பக்கமாகக் கிறுக்கினார். அபினா டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, "இப்பம் எழுத்து கொஞ்சங்கூட வெளங்கல்ல. நல்ல காரியம்," என்றாள்.

ஆடி முதல் வாரம் ரிசல்ட் வந்தது. கணக்கில் நாற்பத்தொன்று. ஐந்து பாடமும் பாஸ். வடிவாம்பாள் பாயசம் வைத்தாள். யாருக்கு என்று அக்கம்பக்கத்தில் சொல்ல முடியாததால் மூன்று பேருமாக அதைக் குடித்து முடித்தார்கள். கடைசி டம்ளரை வழிக்கும்போதுதான் அவள் கேட்டாள்.

"சர்டிபிகேட்டுல வருஷம் போட்டிருக்குமே?"

கிருஷ்ணமணியின் கை டம்ளரோடு நின்றது. அவர் அதை யோசிக்கவே இல்லை. ஒன்பது மாதம் பாடுபட்டு, தன் பொய்யைத் தேதியோடு நிரூபிக்கிற தாளை அல்லவா சம்பாதித்து வைத்திருக்கிறார்? போன ஆவணியில் கல்லில் ஏறிய எஸ்.எஸ்.எல்.சி., இந்த ஆடியில் பாஸாகியிருக்கிறது.

"குடுத்தா மானம் போவும். குடுக்கல்லன்னா பிள்ளையளுக்குக் கம்ப்யூட்டர் போவும்," என்றார்.

"மானத்த வச்சு என்ன செய்ய, அதுல டைப் அடிக்க முடியுமா?" என்றாள் வடிவாம்பாள். "நீங்களே போய்ச் சொல்லிருங்க. எங்கிட்ட சொன்னியல்லா, என்ன கொறஞ்சு போச்சு?"

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்து கிருஷ்ணமணி முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியைக் கூட்டி, எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று உண்மையைச் சொல்வது. கல்லில் அந்த ஒரு வார்த்தையைத் தானே கொத்தி எடுத்து அதில் சிமென்ட் பூசுவது. ஏழாவது வரி முன்பல் இல்லாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் குழித்துறைக் கல்லூரி அலுவலகத்தில் கூட்டம் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் பிந்து என்ற கிளார்க் அம்மா பலாக்காய் வற்றல் கொறித்துக்கொண்டிருந்தார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சான்றிதழை நீட்டினார். கிருஷ்ணமணி முதலில் வருஷத்தைப் பார்த்தார். போட்டிருந்தது. தடித்த எழுத்தில்.

"மேடம், இந்த வருஷம் தெரியாம ஒரு நகல் எடுக்க முடியுமா?"

"வருஷம் இல்லாட்டா அது சர்டிபிகேட்டு இல்ல சாரே, வெறும் வாழ்த்து மடல்."

அவர் தலையாட்டினார். தாளை நாலாக மடிக்க மனசு வராமல், வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு உறைக்குள் வைத்தார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். இந்த வளாகத்தில் அவர் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மேடம், ஒரு உபகாரம். ஞாயித்துக்கெழம ஊருல நானே எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். அது வரைக்கும், எங்க படிப்பகம் கமிட்டிக்காரங்க யாராவது இந்தப் பக்கம் வந்தா, நான் பரீட்ச எழுதினத மட்டும் சொல்லிராதீங்க. எல்லாரும் பெரிய படிப்பு படிச்சவங்க."

பிந்து வற்றல் டப்பாவை மூடினார். பதிவேட்டில் அவர் கையெழுத்துக்கு மேலே இருந்த ஆறு கையெழுத்துகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"சாரே, உங்க படிப்பகத்துல மத்த ஆறு பேரும் இதையேதான் சொல்லிட்டுப் போனாவ."